படுக்கையறையில் ஆணி அடித்ததற்கு வீட்டையே பூட்டலாமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கிளப் ஹவுஸில், பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, பார்க்கிங், லிஃப்ட் மெயின்டனன்ஸ் எல்லாம் பேசி முடித்த பிறகு வீடியோ கேம் பற்றிப் பேச வந்து நிற்கிறேன். செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். வீட்டில் கேம் ஆடும் பிள்ளை இருந்தால், இது உங்கள் பணத்தைப் பற்றிய பேச்சு. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போய்விட்டாலும், போனில் ஒரு புத்தகமோ படமோ காசு கொடுத்து வாங்கியிருந்தால் உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

முதலில் என் வீட்டுக் கதை. என் மகன் பத்தாம் வகுப்பு. பிறந்தநாள், பொங்கல், தாத்தா கொடுத்த பணம் என்று சேர்த்துச் சேர்த்து ஒரே அக்கவுண்டில் ஏழு கேம் வாங்கியிருந்தான். அதில் ஒன்று கதை சொல்லும் கேம். யாரோடும் போட்டி கிடையாது, தனியாக ஆடுவது. என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பது போல அதைப் பார்ப்பார். கண்புரை ஆபரேஷன் ஆனவர், திரையில் வரும் வசன எழுத்து அவருக்குத் தெரியவில்லை. பையன் எங்கிருந்தோ ஒரு சின்ன ஃபைலை இறக்கிப் போட்டு எழுத்தைப் பெரிதாக்கினான். கூடவே இன்னொன்றும் போட்டான். அதைப் போட்டால் கேமுக்குள் செலவழிக்கும் காசு தீரவே தீராது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மெயில். 'விதிமீறல் காரணமாக உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்படுகிறது.' எந்த விதி, எந்த நாள், எந்தக் கேம், ஒன்றும் இல்லை. அந்த ஒரு கேம் மட்டுமல்ல, ஏழும் போனது. மூன்று முறை முறையிட்டோம். மூன்று முறையும் அதே பதில், ஒரு எழுத்துகூட மாறாமல். மனிதர் யாரும் படித்ததாகவே தெரியவில்லை.

இப்படி ஆடுபவரே தன் கேமில் செய்துகொள்ளும் மாற்றத்துக்கு 'மோட்' என்று பெயர். அது ஏதோ திருட்டு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கேம் உலகம் வளர்ந்ததே பாதி இதனால்தான். 1998ல் வந்த ஹாஃப்-லைஃப் என்ற கேமுக்கு ரசிகர்கள் போட்ட மோட்தான் கவுன்டர்-ஸ்டிரைக். உங்களில் பலர் கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்காக ஆடியது அதைத்தான். ஹாஃப்-லைஃபைச் செய்த வால்வ் நிறுவனம் வழக்குப் போடவில்லை. அந்த மோடை வாங்கி, 2000ல் தானே வெளியிட்டது. ஸ்கைரிம் கேமின் நிறுவனமோ 2012ல் மோட் செய்வதற்கான கருவியைத் தானே இலவசமாகக் கொடுத்தது.

அப்படியானால் தடை எதற்கு? நம் அபார்ட்மென்டை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும்.

நம் பைலாவில் பொது இடத்துக்கு ஒரு நியாயம், வீட்டுக்குள்ளே வேறு நியாயம். வெளிச்சுவரில் பெயின்ட் மாற்றக் கூடாது, லிஃப்டில் போஸ்டர் ஒட்டக் கூடாது, காரிடாரில் ஷூ ரேக் வைக்கக் கூடாது. சரிதான், அது எல்லோருக்கும் சொந்தமான இடம். ஆனால் என் படுக்கையறைக்கு நான் என்ன நிறம் அடிக்கிறேன் என்று கேட்கச் சங்கத்துக்கு வேலை இல்லை. பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேம் பொது இடம். அதில் ஒருவன் சுவருக்குப் பின்னால் ஒளிந்திருப்பவரைக் காட்டும் மென்பொருளைப் போட்டு ஆடினால், ஒழுங்காக ஆடுகிற மற்றவர்கள் ஏமாறுகிறார்கள். அவனைத் தடை செய்யத்தான் வேண்டும். தனியாக ஆடும் கேம் நம் படுக்கையறை. அங்கே எழுத்தைப் பெரிதாக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நிறுவனங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 2010 அக்டோபரில் பிளிசார்ட் நிறுவனம் ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடுபவர்களில் 5,000க்கும் மேற்பட்டவர்களைத் தடை செய்தது அல்லது தற்காலிகமாக நிறுத்தியது. அதே சமயத்தில், கணினியோடு மட்டும் ஆடும்போது வெளி மென்பொருள் பயன்படுத்தியவர்களும் 14 நாள் நிறுத்தத்துக்கு ஆளானார்கள். 'தனியாக ஆடினாலும் அதில் கிடைக்கும் சாதனைப் புள்ளிகளை எல்லோரும் பார்க்கிறார்கள், அவற்றுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது' என்பது நிறுவனத்தின் வாதம். நம் பாஷையில் சொன்னால், படுக்கையறை ஜன்னல் காரிடாரைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வாதத்தைத் தள்ள முடியாது. ஆனால் அதே கேமில் நிறுவனமே சில குறுக்குவழிக் குறியீடுகளை வைத்திருந்தது. அவற்றைப் போட்டால் சாதனைப் புள்ளி தானாக நின்றுவிடும், ஆட்டம் தொடரும். அதாவது ஜன்னலை மட்டும் மூட அவர்களுக்கே வழி தெரியும். வெளி மென்பொருள் போட்டவனுக்கும் புள்ளியை மட்டும் எடுத்திருக்கலாமே, கதவை ஏன் பூட்ட வேண்டும்?

ஜிடிஏ 5 கதையும் கேளுங்கள். அதைச் செய்த ராக்ஸ்டார் 2015ல் தெளிவாகச் சொன்னது: தனி ஆட்டத்தில் மோட் போட்டதற்காக யாரையும் தடை செய்யவில்லை, ஆன்லைனுக்குள் கொண்டுவந்தால்தான் பிரச்சினை. நல்ல நிலைப்பாடு. ஆனால் 2017 ஜூனில் அதன் தாய் நிறுவனமான டேக்-டூ, தனி ஆட்ட மோடுகளுக்குப் பலரும் நம்பியிருந்த ஓபன்ஐவி என்ற கருவியை நிறுத்தச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் விட்டது. ஆடுபவர்கள் கொதித்துப்போய், கேமுக்கு எதிரான விமர்சனங்களை விற்பனைப் பக்கத்தில் குவித்தார்கள். மாதம் முடிவதற்குள் நிலைமை மாறியது. தனி ஆட்டத்துக்கான, காசு பார்க்காத, மற்றவர் படைப்பைத் திருடாத மோடுகள் மீது பொதுவாகச் சட்ட நடவடிக்கை எடுக்கப்படாது என்று அறிவிப்பு வந்தது. கருவியும் திரும்பி வந்தது. வாங்கியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால் நடக்கும் என்பது சங்கம் நடத்தும் நமக்குப் புதிதல்ல.

நீதிமன்றமும் இதைப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவில் கேம் ஜீனி என்ற சின்னக் கருவி இருந்தது. நின்டென்டோ கேட்ரிட்ஜுக்கும் பெட்டிக்கும் நடுவில் செருகினால் கூடுதல் உயிர், கூடுதல் வேகம் எல்லாம் கிடைக்கும். அதை விற்ற கலூப் நிறுவனத்துக்கும் நின்டென்டோவுக்கும் வழக்கு. 1992ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலூப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் தன் கேமைத் தற்காலிகமாக மாற்றி ஆடுவது காப்புரிமை மீறல் ஆகாது என்பது அதன் சாரம்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று கேட்ரிட்ஜ் நம் அலமாரியில் இருந்தது. வழக்கில் தோற்றாலும் ஜெயித்தாலும் யாரும் வந்து எடுத்துப் போக முடியாது. இன்று கேம் அவர்கள் சர்வரில் இருக்கிறது, சாவியும் அவர்களிடம். 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தினாலும் நமக்குக் கிடைப்பது பொருள் அல்ல, பயன்படுத்த ஓர் அனுமதி மட்டும். இதை மறைத்து விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டமே போட்டுவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. வழக்குக்கே போகாமல், தானே புகார் கொடுத்து, தானே தீர்ப்பு எழுதி, தானே பூட்டும் போடுகிற வசதி நிறுவனத்துக்கு வந்துவிட்டது.

என் வருத்தம் அங்கேதான். மோட் போடவே கூடாது என்று ஒரு நிறுவனம் சொல்லலாம். ஆனால் தவறு இன்னது என்று சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், தண்டனை தவறின் அளவுக்கு இருக்க வேண்டும். மெயின்டனன்ஸ் கட்டாதவருக்குக்கூட நாம் இரண்டு நோட்டீஸ் அனுப்புகிறோம். ஒரு கேமில் எழுத்தைப் பெரிதாக்கியதற்கு ஏழு கேமையும் பறிப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதுதான்.

நம் நாட்டுச் சட்டத்தில் பிடிமானம் இருக்கிறதா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒன்றை வரையறுக்கிறது. தக்க காரணமின்றி ஒரு தரப்பு தன்னிச்சையாக ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனையும் அதில் வருகிறது. அத்தகைய புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. கேம் அக்கவுண்டுக்கு அது பொருந்துமா என்பதை ஆணையம்தான் முடிவு செய்யும். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் செலவில்லாமல் புகார் பதியலாம். நாங்கள் பதிந்திருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

கடைசியாக, பட்டுத் தெரிந்துகொண்ட ஐந்து விஷயம். இன்று இரவே பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்று, எல்லாக் கேமையும் ஒரே அக்கவுண்டில் குவிக்காதீர்கள். இரண்டு, மோட் போடும் முன் அந்தக் கேமின் விதியில் மோட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்; நிறுவனமே அனுமதிக்கும் கேம்கள் நிறைய உண்டு. மூன்று, ஒரே கேமில் தனி ஆட்டமும் ஆன்லைனும் இருந்தால், மோடை எடுத்துவிட்டுத்தான் ஆன்லைனுக்குப் போக வேண்டும். தெரியாத இடத்திலிருந்து இறக்கும் ஃபைலில் வைரஸ் வரும் என்பதையும் சொல்லிவையுங்கள். நான்கு, ஜிஓஜி போன்ற சில கடைகள் பூட்டு இல்லாத கேம்களை விற்கின்றன. நிறுவும் ஃபைலை நம் ஹார்டு டிஸ்கிலேயே வைத்துக்கொள்ளலாம். ஐந்து, ஒவ்வொரு பில்லையும் மெயிலில் தனியாகச் சேர்த்து வையுங்கள். புகார் கொடுக்கப் போனபோது எங்களிடம் ஏழில் நான்குக்குத்தான் பில் இருந்தது.

அப்பா இப்போதும் சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து, 'அந்தக் கதை என்னடா ஆச்சு?' என்று பேரனைக் கேட்கிறார். முக்கால்வாசிக் கதைதான் முடிந்திருந்தது. மீதியை அவன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறான், தினம் கொஞ்சம் கொஞ்சமாக.