பெட்டை நாய்க்குக் கருத்தடை: ஊராட்சிக்கு ஏற்ற சிக்கன வழி

(ஊராட்சி மன்றத் தலைவர்கள், உறுப்பினர்கள், விவசாயிகள் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் நம் ஒன்றியத்து ஊராட்சித் தலைவர் ஒருவர் என்னிடம் ஒரு மனு கொடுத்தார். ஒரே இரவில் ஓர் ஏழை அம்மையாரின் பட்டியில் புகுந்த நாய்கள் ஏழு ஆடுகளைக் கடித்துக் கொன்றுவிட்டன. அதே வாரத்தில் பள்ளிக்குச் சென்ற சிறுவன் ஒருவனையும் நாய் கடித்தது. ஆதலால் ஊரிலுள்ள நாய்களை எல்லாம் பிடித்து அப்புறப்படுத்த அனுமதி வேண்டும் என்பது மனுவின் சாரம். அவருடைய வேதனை நியாயமானது. ஆயினும் அம்மனுவில் நான் கையொப்பம் இடவில்லை. அதன் காரணத்தையும், அதற்கு மாறாக நாம் செய்யக்கூடியதையும் எடுத்துரைப்பதே இன்றைய என் நோக்கம்.

நான் கண்ட அனுபவம்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஒன்றியத்தில் நான் விரிவாக்க அலுவலராக இருந்தேன். அங்கு ஓர் ஊரில் இருந்த நாய்களை ஒரு வாகனத்தில் ஏற்றி, நெடுந்தொலைவில் மலையடிவாரத்தில் விட்டுவிட்டார்கள். அது முறையன்று என்று அறிந்தும் நான் வாய்மூடி இருந்தேன். அந்தத் தவற்றில் எனக்கும் பங்குண்டு. இரண்டு மாதம் ஊர் அமைதியாக இருந்தது. பிறகு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து புதிய நாய்கள் வந்து சேர்ந்தன. மறுஆண்டு தைமாதத்தில் தெருவுக்குத் தெரு குட்டிகள். மலையடிவாரத்து மக்களோ தங்கள் ஆடுகளை இழந்து நம்மைத் தூற்றினார்கள். செலவும் வீணாயிற்று; பழியும் வந்தது.

இது ஏன் நிகழ்ந்தது என்பதைச் சிந்திக்க வேண்டும். ஓர் ஊரில் எத்தனை நாய்கள் வாழலாம் என்பதை அவ்வூரில் கிடைக்கும் தீனியே பெரிதும் நிர்ணயிக்கிறது. இறைச்சிக் கடைக் கழிவு, கலியாண மண்டபத்து எச்சில் இலை, ஏரிக்கரையில் எறியப்படும் மாட்டுப் பிணம் ஆகிய இவை இருக்கும்வரை, நாய்களை அகற்றிய இடம் காலியாக இராது. முன்னாளில் செத்த மாட்டைக் கழுகுகள் தின்று தீர்த்தன. மாடுகளுக்குப் போடப்பட்ட டைக்ளோபினாக் என்னும் மருந்தால் 1990-களிலிருந்து நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருவாரியாக மடிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் கழுகு உண்ட உணவு இன்று நாய்க்குச் சேருகிறது.

பெருக்கத்தின் கணக்கு

பெட்டை நாய் பிறந்து ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் பருவம் அடைகிறது. சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் பிறப்பது சாதாரணம். நம் நாட்டுத் தெருநாய்களில் பெரும்பாலானவை மழைக்காலத்தை ஒட்டிச் சேர்ந்து, மார்கழி, தை மாதங்களில் குட்டி போடுவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

விளக்கத்திற்காக ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஊரில் 120 நாய்கள். அவற்றுள் 60 பெட்டைகள். ஆண்டுதோறும் 30 நாய்கள் இறப்பதாகக் கொள்வோம். அறுபது பெட்டைகளுள் பத்துக்கு மட்டும் கருத்தடை செய்தால், எஞ்சிய ஐம்பதும் ஆளுக்கு ஐந்து குட்டி வீதம் 250 குட்டிகள் ஈனும். ஐந்தில் நான்கு குட்டி மடிந்தாலும் 50 தேறும். இறந்தவை முப்பது; தேறியவை ஐம்பது. செலவு செய்த பின்னும் நாய்கள் கூடிவிட்டன! அதே ஊரில் 45 பெட்டைகளுக்குக் கருத்தடை செய்தால், எஞ்சிய பதினைந்தும் 75 குட்டிகளே ஈனும், தேறுபவை பதினைந்து. அப்போதுதான் தொகை குறையத் தொடங்கும்.

ஆகவே, அரைகுறையாகச் செய்வது பாதி வாய்க்காலை வெட்டி நிறுத்துவது போன்றது. ஒரு துளி நீரும் வயலுக்குப் போய்ச் சேராது. கடுவன்களுக்கும் செய்யலாம், ஆனால் கையில் உள்ள பணம் குறைவாயின் பெட்டைகளுக்கே முதலிடம். பத்துக் கடுவன்களில் ஒன்று தப்பினாலும் ஊர்ப் பெட்டைகள் அனைத்தும் சினையாகும் அன்றோ?

பிற இடங்களின் படிப்பினை

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. சென்னையில் 1959-இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1964 முதல் வற்புறுத்தி வந்தது. 1996-இல் மாநகராட்சி அம்முறையை ஏற்றது. ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர் நகரில் 1994-இல் தொடங்கிய பணியில், பெட்டைகளுள் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யப்பட்டன. 2002-க்குள் அப்பகுதியில் நாய்களின் தொகை 28 விழுக்காடு குறைந்தது. மனிதருக்கு வெறிநோய் காணுவதும் அங்கு நின்றது. எட்டாண்டுப் பொறுமையின் பயன் அது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் பலன் கேட்பவர் ஏமாற்றம் அடைவர்.

கருத்தடையோடு தடுப்பூசியும் சேர வேண்டும். நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவந்தால் அந்நோய் பரவுவது நின்றுவிடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தடுப்பூசி பெற்ற நாயை ஊரைவிட்டு விரட்டினால், அதன் இடத்துக்கு ஊசி போடாத நாய் வருகிறது. நாமே நம் வேலியைப் பிடுங்கி எறிவதற்கு ஒப்பாகும் அது.

சட்டம் கூறுவது

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2023-இல் வெளியான விலங்குக் கருத்தடை விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடுவது உள்ளாட்சியின் கடமை. சிகிச்சை பெற்றதற்கு அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இடப்படும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-இல் இம்முறையையே கூறி, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்க குணமுள்ளவற்றையும் திரும்ப விடலாகாது என்றது. அவ்வாண்டு நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை மீண்டும் அங்கே விடாமல் காப்பகத்தில் வைக்குமாறு ஆணையிட்டது. ஆதலின் பணி தொடங்குமுன் நடப்பிலுள்ள ஆணைகளை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

குறைந்த செலவில் செய்வது எப்படி?

பெட்டைக்குச் செய்வது வயிற்றைத் திறந்து கருப்பையையும் சூலகங்களையும் நீக்கும் சிகிச்சை. மயக்க மருந்து, தேர்ந்த மருத்துவர், காயம் ஆறும்வரை தங்கக் கூண்டு ஆகியவை இன்றியமையாதன. மலிவு கருதி இவற்றில் கைவைத்தால் நாய் இறக்கும். மறுமுறை ஊரார் நம்மை நம்பார். சிக்கனம் வேறு வழியில் வரவேண்டும்.

முதலாவது, தனி ஊராட்சி இதனை மேற்கொள்ளுதல் கடினம். அடுத்தடுத்துள்ள ஐந்தாறு ஊராட்சிகள் ஒன்றுசேர்ந்து, அங்கீகாரம் பெற்ற அருகிலுள்ள நகராட்சி அல்லது மாநகராட்சி மையத்தோடு ஏற்பாடு செய்துகொள்ளலாம். வண்டிச் செலவும், பிடிப்போர் கூலியும் பங்கிடப்படும். பக்கத்து ஊர் நாய் வந்து சேர்வதும் குறையும்.

இரண்டாவது, வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வீட்டுக்காரரே பொறுப்பு. தெருவில் திரியும் குட்டிகளிற் பல, வளர்ப்பு நாய் ஈன்று வாய்க்கால் ஓரத்தில் விடப்பட்டவையே. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி முதலிய இடங்களிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இச்சிகிச்சை உண்டு. உங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரைக் கேட்டால் அருகில் எங்கே செய்யப்படுகிறது என்று கூறுவார். எலிக்காகப் பூனை வளர்ப்போர் அஞ்ச வேண்டாம்; கருத்தடை செய்த பூனையும் எலி பிடிக்கும்.

மூன்றாவது, 1962-இல் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் தலைமையில் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வளர்ந்த ஓர் ஆட்டின் விலையில் சில பெட்டைகளுக்குச் சிகிச்சை முடித்துவிடலாம். மனுவிற் கண்ட அம்மையார் இழந்தது ஏழு ஆடுகள்!

கால அட்டவணை

மே முதல் நாள் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். வைகாசி, ஆனியில் தெருத்தெருவாக நாய்களை எண்ணி, பெட்டைகளைத் தனியே குறியுங்கள். ஆடி, ஆவணியில், அவை சேரும் பருவத்துக்கு முன், சிகிச்சையை முடியுங்கள். அக்டோபர் 2-இல் கூடும் கிராம சபையில் எத்தனை எண்ணப்பட்டன, எத்தனைக்கு முடிந்தது, என்ன செலவாயிற்று என்று கணக்கைப் படியுங்கள். இதற்கிடையே இறைச்சிக் கழிவையும் செத்த கால்நடையையும் ஆழக் குழிவெட்டிப் புதைக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆட்டுப்பட்டிக்கு உயர்ந்த அடைப்பும் வேண்டும்.

அதுவரை யாரையேனும் நாய் கடித்தால் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றைத் தடவாதீர்கள். சவுக்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, உடனே ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. நோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது; ஆதலால் இடையில் ஓர் ஊசியையும் விடக்கூடாது. மேலே சொன்ன சிறுவன் எல்லா ஊசிகளையும் போட்டுக்கொண்டு, இப்போது நலமாகப் பள்ளிக்குச் சென்று வருகிறான்.

அந்தத் தலைவரிடம் மனுவைத் திருப்பி அளித்தபோது, அதன் பின்புறத்தில் அவ்வூர்த் தெருக்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றிலும் பெட்டைகள் எத்தனை என்று கேட்டிருந்தேன். பத்து நாட்களில் எண்ணிக் கொண்டுவந்து விட்டார். அவ்வூரும் அதைச் சூழ்ந்த நான்கு ஊராட்சிகளும் இவ்வாண்டு இப்பணியில் இணையச் சம்மதித்துள்ளன. மற்ற ஊராட்சிகளின் எண்ணிக்கைத் தாளையும் நான் எதிர்பார்த்திருக்கிறேன்.