சொந்த லாரியும் சுயமரியாதையும்
(லாரி ஓட்டுநர்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் "சொந்த லாரி வாங்குவது எப்படி?" என்பதாகும். சாமியைப் பற்றியும் சாதியைப் பற்றியும் பேசித் திரிகிறவனுக்கு லாரியில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. ஆனாலும் கூட்டலும் பெருக்கலும் எனக்குத் தெரியும். இன்றைய பேச்சுக்கு அது போதும்.

ஒரு ஓட்டுநர் பத்து வருஷம், பதினைந்து வருஷம் பிறர் வண்டியை ஓட்டுகிறார். வெயிலிலும் பனியிலும் கண் விழிக்கிறார். முதலாளியிடம் ஏச்சும் கேட்கிறார். நமக்கென்று ஒரு வண்டி இருந்தால் இந்த ஏச்சு இல்லையே என்று அவருக்குத் தோன்றுகிறது. இது நல்ல ஆசை. கூலிக்காரன் தன் காலில் நிற்க விரும்புவதே சுயமரியாதைதான். ஆகவே அதைத் தடுக்க நான் வரவில்லை. ஆனால் வண்டி முதலாளியை விட்டு விலகின ஓட்டுநர், வட்டி முதலாளியிடம் போய் அடிமையாகிறாரா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

லாரி வாங்குகிறவர் முதலில் எங்கே போகிறார்? மெக்கானிக்கிடமா? இல்லை, ஜோசியரிடம் போகிறார். நாள் பார்க்கிறார், நேரம் பார்க்கிறார். நம்பரைக் கூட்டினால் எட்டு வரக்கூடாது என்று தனிக் கட்டணம் கட்டி வேறு நம்பர் வாங்குகிறார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார். நடுரோட்டில் பூசணிக்காயை உடைக்கிறார். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவன் அதில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக் கொள்ளுகிறான். திருஷ்டி கழிந்தது நமக்கு. கை ஒடிந்தது அவனுக்கு! இத்தனை ஜாக்கிரதையுள்ளவர், கடன் பத்திரத்தில் மாத்திரம் குமாஸ்தா விரல் வைத்த இடத்திலெல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்.

தோழர்களே! ராகு காலம் தினம் ஒன்றரை மணி நேரம் என்கிறார்கள். அந்த நேரத்தில் வண்டி எடுக்கக்கூடாதாம். சரி, அந்த நேரத்தில் நீங்கள் டியூ கட்டப் போனால், "இது ராகு காலம், பணம் வேண்டாம்" என்று சொன்ன பைனான்ஸ்காரர் ஒருவரையாவது பார்த்ததுண்டா? அவருக்கு இல்லாத ராகு உங்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இப்படி நல்ல நேரத்தில் பத்துச் சக்கர லாரி ஒன்று வாங்கினார். பதினான்காம் மாதம் வண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். "என் கிரகம் சரியில்லை" என்று வந்து உட்கார்ந்தார். கிரகத்தைப் பிறகு பார்ப்போம், பத்திரத்தைக் கொண்டு வாருங்கள் என்றேன். கடன் 20 லட்சம், வட்டி 9 சதவீதம், 5 வருஷம். பார்க்கச் சின்ன வட்டிதான். ஆனால் அது பிளாட் வட்டி. அதாவது நீங்கள் அசலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தாலும், ஐந்து வருஷமும் முழு 20 லட்சத்துக்கே வட்டி. வருஷத்துக்கு 1,80,000 வீதம் 9 லட்சம். மொத்தம் 29 லட்சத்தை 60 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 48,333 ரூபாய். நிலுவையுள்ள அசலுக்கு மாத்திரம் அதே 9 சதவீதம் போட்டால் மாதம் சுமார் 41,500 தான் வரும். ஐந்து வருஷத்தில் வித்தியாசம் நாலு லட்சத்துக்கு மேல்! உண்மையில் அவர் கட்டினது ஏறக்குறைய 16 வட்டி.

இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு அவர் மனைவி வாசற்படியில் நின்றார். ஜாமீன் கையெழுத்து அவருடையது. முன்பணத்துக்குப் போனதும் அவருடைய நகைதான். "ஏனுங்க அண்ணா, கையெழுத்து வாங்கின அன்னைக்கு இதை எனக்கு யாரும் சொல்லலீங்களே" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. நகை கொடுக்கவும் கையெழுத்துப் போடவும் பெண் வேண்டும், கணக்குப் பார்க்க மட்டும் வேண்டாம் என்றால் இது என்ன நியாயம்?

இனி ஓட்டத்தின் கணக்கைப் பாருங்கள். போக 800, வர 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 400 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலே டீசலுக்கு 36,000. பத்து டயர் 2 லட்சம் என்றும், அது ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடுமென்றும் வைத்தால், இந்த ஒரு நடையில் தேய்ந்த டயர் 3,200 ரூபாய். அதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை; ஆகையால் நாம் அதை லாபமென்று எண்ணிச் செலவு செய்துவிடுகிறோம். போகிற வாடகை 45,000 என்றால், டோல்கேட்டும், புக்கிங் கமிஷனும், ஏற்று கூலியும், பேட்டாவும் போக மீதி எங்கே? ஆகவே திரும்பும் லோடு ஒன்றுதான் லாபம். திரும்பும் லோடு எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் வண்டி வாங்குவது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று பாராமல் நாற்று விடுவது போலாகும்.

டியூவுக்குப் பணம் போதாதபோது அதிக பாரம் ஏற்றத் தோன்றும். பத்துச் சக்கர வண்டிக்கு, வண்டியும் பாரமும் சேர்த்து 28.5 டன் என்று 2018-இல் வரம்பு வைத்திருக்கிறார்கள். மீறினால் 2019-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாயும், அதிகப்படி டன்னுக்கு 2,000 வீதமும் அபராதம். தூக்கத்தை விற்று ஓட்டவும் தோன்றும். நீங்கள் கண் மூடினால் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படமா ஸ்டீயரிங் பிடிக்கப் போகிறது? ஒருவன் செத்தால் நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் வேண்டும், எலுமிச்சம்பழம் கொடுக்காது.

இதெல்லாம் நம் தலையெழுத்து என்பவர்களுக்கு ஒரு சங்கதி. அமெரிக்காவிலும் லாரிக் கம்பெனிகள் ஓட்டுநருக்கு வண்டியைக் குத்தகைத் தவணையில் கொடுக்கின்றன. லோடு கொடுப்பதும் அந்தக் கம்பெனியே, தவணையைக் கூலியில் பிடிப்பதும் அந்தக் கம்பெனியே. முடிவில் வண்டியைச் சொந்தமாக்கிக் கொண்டவர் சிலரே. 2021-ஆம் வருஷத்துச் சட்டப்படி சர்க்கார் அமைத்த குழு ஒன்று இதை ஆராய்ந்து, இப்படிப்பட்ட ஒப்பந்தங்களைத் தடை செய்ய வேண்டுமென்று 2025 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அங்கே ராகு காலமும் இல்லை, எட்டாம் நம்பர் பயமும் இல்லை. இருந்தும் வண்டி போயிற்று. ஏன்? ஒப்பந்தம் அப்படி. ஆகவே நோய் கிரகத்தில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது.

ஆதலால் தோழர்களே! 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததைக் கேட்டு ஓடாதீர்கள். விலை குறைந்ததேயொழிய வட்டிக் கணக்கு மாறவில்லை. பிளாட் வட்டியா, குறைந்து வரும் அசலுக்கு வட்டியா என்று எழுத்தில் கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பழைய வண்டியானால் முன்னவர் கடன் ஆர்.சி.யில் ரத்தாகியிருக்கிறதா, வரியும் அபராதமும் பாக்கியுண்டா என்று பாருங்கள். மூன்று மாத டியூவைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுங்கள். அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக்கூடாது என்று 2007-இல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்திருக்கிறது. பயந்து சாவியைக் கொடுத்து விடாதீர்கள், சங்கத்துக்கு வாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கு நோட்டை வீட்டுப் பெண்கள் கையில் கொடுங்கள்.

கணக்கு ஒத்துவரவில்லையா? இன்னும் இரண்டு வருஷம் கூலிக்கு ஓட்டுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. பிறருக்குச் சொந்தமான வண்டியை நம்முடையதென்று சொல்லிக்கொண்டு இரவெல்லாம் பயந்து ஓட்டுவதுதான் அவமானம்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய்ப் பென்சிலை எடுத்துப் போட்டுப் பாருங்கள்; தப்பென்றால் அடுத்த கூட்டத்தில் என்னைக் கேளுங்கள் என்று சொல்லி, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.