விஸ்கியில் கொழுப்பு எங்கே?



அண்மையில் என் ஸ்கான் முடிவைப் பார்த்த குடும்ப வைத்தியர், "ஐயா, ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது, குடியை விடுங்கள்" என்றார். எண்ணெய்ப் பலகாரங்களை நான் தொடுவதே குறைவு. வார இறுதியில் நண்பர்களோடு மூன்று நான்கு கிளாஸ் விஸ்கி, அவ்வளவுதான். விஸ்கியில் ஒரு துளி கொழுப்பும் இல்லையே! ஊரில் உயிரியல் படிப்பித்தவன் என்பதால் பழைய பாடத்தைத் திரும்பவும் புரட்டினேன்.

குடித்த மதுவை ஈரல் முதலில் அசற்றல்டிகைட்டாகவும், பின்னர் அசற்றேற்றாகவும் மாற்றுகிறது. வினாகிரியில் இருக்கும் அசற்றிக் அமிலத்தின் உறவுதான் இந்த அசற்றேற்று. உடலால் இதை அப்படியே எரிக்கவும் முடியாது, கொழுப்பாக்கவும் முடியாது. முதலில் அதை உசுப்பிவிட ஒரு நொதியம் வேண்டும். அதன் பெயர் அசற்றைல் கோ-ஏ சிந்தற்றேஸ். அது ஏ.ரி.பி. சக்தியைச் செலவழித்து, அசற்றேற்றைத் துணைநொதியம் 'ஏ'யுடன் இணைக்கிறது. அந்தத் துணைநொதியத்தைக் கண்டுபிடித்த லிப்மன் 1953இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த நொதியத்தில் இரண்டு வகை உண்டு. கலத்தின் இழைமணிக்குள் இருப்பது அசற்றேற்றை எரித்துச் சக்தி பெற உதவும். வெளியே குழியவுருவில் இருப்பது கொழுப்பமிலமும் கொலஸ்திரோலும் ஆக்க உதவும்.

மதுவிலிருந்து வரும் அசற்றேற்றில் பெரும்பங்கு இரத்தத்தோடு போய்த் தசை, இதயம் போன்ற இடங்களில் எரிந்துவிடுகிறது. சிறு பங்குதான் கொழுப்பாகிறது. "அப்படியென்றால் பயமில்லை" என்று நானும் ஒரு கணம் மகிழ்ந்தேன். ஆனால் அடுப்பு ஒன்றுதானே! அசற்றேற்று எரியும்வரை, சாப்பாட்டில் வந்த கொழுப்பு காத்துக் கிடக்கிறது. ஈரலிலோ, மதுவை உடைக்கும் வேலையே கொழுப்பு எரிவதைத் தடுக்கிறது. எரியாத கொழுப்பு அங்கேயே படிகிறது. விஸ்கியோடு நாங்கள் கொறித்த பொரியலும் ஆட்டிறைச்சியும் அப்படித்தான் தங்கிவிட்டன.

ஒரு நல்ல செய்தி: ஆரம்ப நிலையில் குடியை விட்டால் இந்தக் கொழுப்பு பெரும்பாலும் குறைந்துவிடும். நான் விட்டுவிட்டேன். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர்கள் மட்டும் திடீரென நிறுத்தாமல், வைத்தியரைக் கேட்டு நிறுத்துங்கள்.

போன சனிக்கிழமை நண்பர்கள் என்னைக் கேலி செய்தார்கள். இந்தக் கதையைச் சொன்னேன். ஒருவர் மட்டும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, எனக்கும் ஒருக்கா ஸ்கான் எடுக்கவேணும்" என்றார். அதற்காகத்தான் உங்களிடமும் சொன்னேன்.