மூலத்துப் பெண்ணும் தொலைந்துபோன அரை மணி நேரமும்

இன்று கொடுக்கப்பட்ட தலைப்பு, "ஜாதகமும் பெண்ணின் சக்தியும்". தலைப்பைக் கேட்டதும் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பாதி கைப்பையில் மடித்து வைத்திருக்கும் ஜாதகத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். இரு சாராருக்கும் ஒரே கேள்விதான். ஈப்போவைச் சுற்றியோ சுங்கை சிப்புட், கோலாகங்சார் பக்கமோ ரப்பர்த் தோட்டத்தில் பிறந்த பெண்ணுக்கு, அவள் பிறந்த நேரத்தை யார் குறித்து வைத்தது?

லயத்து வீட்டில் கடிகாரம் இருந்தாலே பெரிய காரியம். "பெரட்டுக்கு மணி அடிக்கிறப்போ பொறந்தே", "பால் நிறுக்கிற நேரம்", "மழை விட்டதும்" என்றுதான் தாய் சொல்லியிருப்பாள். சோதிடரின் தாளில் அதுவே காலை 5.42 ஆகிவிடும். அந்த நாற்பத்திரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது?

சரி, நேரம் சரியாகவே தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி, சபா, சரவாக்கோடு ஒன்றாக இருக்கவேண்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டன. அதற்கு முன் கிரீன்விச் நேரத்தோடு ஏழரை மணி கூட்டவேண்டும். பிறகு எட்டு மணி. ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, தோக்கியோ நேரம். அதற்கு ஒன்பது மணி. 1982க்கு முன் பிறந்தவளுக்கு எட்டு மணிக் கணக்கில் ஜாதகம் போட்டால் அரை மணி பிசகும். லக்னம் சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகரும். அரை மணிக்கு ஏழரைப் பாகை. (சனி இல்லாமலே ஓர் ஏழரை!) ராசி ஒன்றுக்கு முப்பது பாகை. ஆக, நான்கில் ஒரு ஜாதகத்தில் லக்னமே மாறிப்போகும்.

1979இல் மாலை 6.30க்குப் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தவறான கணக்கில் அவளுக்குச் செவ்வாய் ஏழில். தோஷம்! பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு "சொல்லி அனுப்புகிறோம்" என்று போய்விட்டார்கள். விடுபட்ட அரை மணியைச் சேர்த்ததும் லக்னம் அடுத்த ராசிக்கு நகர்கிறது என்றால், அதே செவ்வாய் ஆறில் வந்துவிடும். ஆறாம் இடத்துக்குத் தோஷம் கிடையாது. வானத்தில் செவ்வாய் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. தோஷம் மட்டும் காணோம். அந்தப் பெண்ணின் போன வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

இந்தத் தோஷத்தைக் கொஞ்சம் எண்ணித்தான் பார்ப்போமே. 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது வழக்கு. பன்னிரண்டில் ஐந்து. லக்னத்திலிருந்து மட்டுமல்ல, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்கவேண்டும் என்பார்கள். மூன்றையும் தனித்தனியாக எண்ணினால், ஏறத்தாழ பத்துக்கு எட்டுப் பேர் ஏதாவது ஒரு வழியில் மாட்டிக்கொள்வார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு இருப்பதைத் தோஷம் என்பதா? அதனால்தான் விதிவிலக்குகளும் சாஸ்திரத்திலேயே இருக்கின்றன. மேஷம், விருச்சிகம் செவ்வாய்க்குச் சொந்த வீடு, மகரம் உச்சம். அங்கே இருந்தால் தோஷமில்லை. கடகம், சிம்ம லக்னத்துக்கும் விலக்கு உண்டு. பரிகாரத்துக்கு ஐந்நூறு வெள்ளி கேட்பவர் இந்த விலக்கையும் சொன்னாரா என்று கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டு, அவள் அப்பாவுக்கு மட்டுமல்ல.

நட்சத்திரத்துக்கு வருவோம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்தாருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. மூலம் என்றால் கேட்கவே வேண்டாம். மாமனாருக்கு ஆகாது, பெண் மூலம் நிர்மூலம். மாமனாரின் ஆயுசை மருமகளின் நட்சத்திரத்தில் கட்டித் தொங்கவிட்ட வழக்கம் இது. ஆனால் நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாகனம் செய்வது எந்த நட்சத்திரத்தில்? பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். மூலத்தில்! கலைமகளை எந்த நட்சத்திரத்தில் வீட்டுக்குள் அழைக்கிறார்களோ, அதே நட்சத்திரத்தில் பிறந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். ஆண்டாள் பிறந்தது ஆடிப் பூரம். பங்கோர் தீவில் பத்திரகாளியம்மனுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடுவது மாசி மகத்தில். இப்படி அம்மனுக்கென்று கொண்டாடும் நட்சத்திரங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் ஜீன் ஷினோடா போலன் என்ற மனநல மருத்துவர் 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். கிரேக்க தேவதைகளை வைத்து, ஒவ்வொரு பெண்ணுக்குள்ளும் எந்தெந்த தேவதையின் சுபாவம் ஓங்கி நிற்கிறது என்று பார்க்கும் முறை அது. யுங் என்ற சுவிட்சர்லாந்து அறிஞரின் வழி. உலகமெங்கும் பெண்கள் படித்தார்கள். தோட்டத்துப் பெண் புத்தகம் படிக்கவில்லை. அம்மை போட்டால் வேப்பிலை, காய்ச்சல் பரவினால் கூழ், மனம் கொதித்தால் தீமிதி என்று தன் வேதனைக்கெல்லாம் மாரியம்மனின் முகத்தைத்தான் வைத்துப் பார்த்தாள்.

பத்து மகாவித்யைகளைக் கிரகங்களோடு சேர்த்துச் சொல்லும் ஒரு மரபும் இருக்கிறது. சந்திரனுக்குப் புவனேஸ்வரி, சுக்கிரனுக்குக் கமலாத்மிகா, ராகுவுக்குச் சின்னமஸ்தா. சனிக்கு யார் தெரியுமா? காளி. சோதிடத்தில் உடல் உழைப்புக்கும் உழைப்பாளிக்கும் காரகன் சனிதான். விடியுமுன்னே எழுந்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, வாளியோடு நிறைக்குப் போன பெண்ணின் கிரகம் அது. "சனி பிடித்தவள்" என்று திட்டியவர்களுக்கு, அவள் காளியின் பிள்ளை என்று சொல்லத் தோன்றவில்லை, பாருங்கள்.

1943இல் ஜான்சி ராணிப் படைக்குப் போனவர்களில் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டத்துப் பெண்கள். எத்தனை பேர் கையில் ஜாதகம் இருந்திருக்கும்? அந்தப் படையில் பதினாறு வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன்தான் பிறகு, 1960இல், பெண் ஆசிரியர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்து, ஆணுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பெண்ணுக்கும் கொடு என்று போராடியவர். இன்னொன்றும் கேளுங்கள். கடிகாரத்தைத் திருப்பிய அதே 1982இல், மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதாருக்கான திருமணச் சட்டம் நடப்புக்கு வந்தது. ஒருவனுக்கு ஒரு மனைவி, பதிவு கட்டாயம். பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டுப் பதிவு செய்யாமல் விட்ட பெண்தான் பின்னால் அலைகிறாள். பதினோராவது பொருத்தமாகப் பதிவுச் சான்றிதழையும் சேர்த்துக்கொண்டால் என்ன?

ஜாதகத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பிறப்புப் பத்திரத்தில் நேரம் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால், "நேரம் தெரியாது" என்று தைரியமாகச் சொல்லுங்கள். சோதிடரிடம், எத்தனை மணிக் கணக்கில் போட்டீர்கள் என்று கேளுங்கள். நல்ல சோதிடர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

புந்தோங் தாய்மார்களுக்கு ஒரு தகவல். செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 முதல் 4.30 என்று துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கேற்ற ஓடுகிறீர்கள் அல்லவா? அது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் ஊரின் கணக்கு. ஈப்போவில் சூரியன் எழவே ஏழு மணியை ஒட்டி ஆகிவிடும். பகலை எட்டாகப் பிரித்தால், ஏழாவது பங்கு இங்கே தொடங்குவது ஏறத்தாழ நான்கு மணிக்கு. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, அவர்களையும் கூட்டிக்கொண்டே போகலாம்.