காய்க்காத செடியை வெட்டலாமா? ஒரு பப்பாளி மரமும் என் எக்செல் ஷீட்டும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை திருவெள்ளறையில எங்க வீட்டு மாடியில உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல மயில் கத்தினா எடிட் பண்ண மாட்டேன், மன்னிச்சுக்கோங்க.

திருவெள்ளறை தெரியாதவங்களுக்கு: திருச்சியிலேர்ந்து துறையூர் போற ரோட்டுல சுமார் 20 கிலோமீட்டர். புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். வெள்ளறைன்னா வெள்ளைப் பாறை. பேர்லயே பாறை இருக்கு, அப்போ தோட்டம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. கடப்பாரை போட்டா ரெண்டு அடியில 'டங்'குனு சத்தம் வரும்.

கோயில் பக்கத்துல ஸ்வஸ்திக் வடிவத்துல ஒரு கிணறு இருக்கு. கி.பி. 800 வாக்குல, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துல, கம்பன் அரையன்னு ஒருத்தர் வெட்டினது. கல்வெட்டுல அதோட பேரு மார்ப்பிடுகு பெருங்கிணறு. நாலு பக்கமும் படி. சின்ன வயசுல அது விளையாட்டு இடம். இப்போ பார்க்கும்போது, இந்தப் பாறையில தண்ணிக்காக ஒருத்தர் எவ்வளவு மெனக்கெட்டிருக்கார்னுதான் தோணுது.

ஏன்னா இன்னைக்கு விஷயமே தண்ணிதான். எங்க வீட்டு போர்ல சித்திரை மாசம் மோட்டார் 40 நிமிஷம் ஓடும். அப்புறம் காத்து வாங்கும். திரும்ப ஊற நாலஞ்சு மணி நேரம் ஆகும். வீட்டைச் சுத்தி 23 செடி, மரம். போன வருஷம் சித்திரை, வைகாசி முழுக்க அம்மா குடத்துல தூக்கி ஊத்தினாங்க. அவங்களுக்கு முட்டி வலி. நான் வொர்க் ஃப்ரம் ஹோம்னு பேருக்கு வீட்ல இருந்தேன், மீட்டிங்ல இருந்தேன்.

அதனால இந்த வருஷம் தை மாசமே, வெயில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு முடிவு எடுத்தேன். 23-ஐ 15 ஆக்கணும். எது இருக்கணும், எது போகணும்? இன்ஜினியரிங் படிச்சவன் என்ன செய்வான்? எக்செல் ஷீட் போட்டேன்.

நாலு காலம். என்ன கொடுக்குது, எவ்வளவு தண்ணி குடிக்குது, எவ்வளவு இடம் பிடிக்குது, வயசு என்ன. ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க். கூட்டிப் பார்த்தா கடைசி இடத்துல அஞ்சு பேர். பப்பாளி ஒண்ணு, எலுமிச்சை ஒண்ணு, ஒரு கறிவேப்பிலை, மல்லிகை, செம்பருத்தி.

பப்பாளி ரொம்ப மோசம். ரெண்டு வருஷ மரம், என்னை விட உயரம், ஒரு காய் கிடையாது. நீளமான காம்புல கொத்துக்கொத்தா பூ தொங்கும், உதிரும், அவ்வளவுதான். ஆண் மரம். யூடியூப்ல தேடினேன், 'ஆண் பப்பாளி காய்க்காது, வெட்டிடுங்க'ன்னு ஒருத்தர் சொன்னார். எனக்கு வேண்டிய பதில் கிடைச்சுடுச்சு, வீடியோவை அதோட நிறுத்திட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வெட்டிட்டேன். பப்பாளித் தண்டு உள்ள பொந்துதான், பத்து நிமிஷ வேலை. ஷீட்ல அந்த வரிசையை சிவப்பு ஆக்கினப்போ ஒரு திருப்தி வந்துச்சு பாருங்க, டிக்கெட் க்ளோஸ் பண்ற மாதிரி.

மாசியில ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொல்லையைப் பார்க்கிறேன். அவங்க பப்பாளி மரத்துல ஒரு பழைய செருப்பு கட்டித் தொங்குது. காய்க்காத மரத்துக்கும், கண்ணு பட்ட மரத்துக்கும் நம்ம ஊர்ல செருப்பு, துடைப்பம் கட்டுவாங்க, தெரியும்ல? ஆனா அது நல்லா காய்ச்ச மரமாச்சே. வாரத்துக்கு ரெண்டு மூணு பழம் கடைக்குக் கொடுப்பாங்க. அவங்க கைச்செலவுக்கு அந்தக் காசுதான்.

"என்ன பெரியம்மா ஆச்சு?"

"என்னன்னு தெரியலப்பா. பூக்குது, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. கண்ணு பட்டுருச்சு போல."

மரத்தைப் பார்த்தேன். கீழே வரிசையா பெரிய காய். அதுக்கு மேல மொட்டைத் தண்டு. அதுக்கு மேல புதுப்பூ. பப்பாளி தண்டு மேல வளர வளர பூ விடுற மரம். அதனால தண்டே ஒரு டைம்லைன் மாதிரி. கீழே இருக்கிறது பழசு, மேலே போகப் போகப் புதுசு. எந்த இடத்துல காய் நின்னு போச்சோ, அதுதான் நான் என் மரத்தை வெட்டின தேதி. கமிட் ஹிஸ்டரியில என் பேரோட நிக்குது.

அன்னைக்கு ராத்திரிதான் முழுசா படிச்சேன். நாட்டு விதையில வர்ற பப்பாளியில ஆண் தனி, பெண் தனி மரமா இருக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 2 ரகமும் அப்படித்தான். தோட்டம் போடுறவங்க 20 பெண் மரத்துக்கு 1 ஆண் மரத்தை வேணும்னே விட்டு வைப்பாங்க. கோ 7, ரெட் லேடி மாதிரி ரகங்கள்ல இருபால் பூ மரம் வரும், அதுக்கு ஆண் மரம் தேவையில்லை. பெரியம்மா மரம், பழம் சாப்பிட்டுத் துப்பின விதையில முளைச்சது. சுத்துப்பட்டுல அதுக்கு இருந்த ஒரே ஆண் மரம் என்னுது. என் ஷீட்ல சைபர் வாங்கின மரம், மதிலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு வருஷமா வேலை பார்த்துட்டு இருந்திருக்கு.

சொல்லணுமா வேண்டாமான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன், பொய் சொல்ல விரும்பல. அவங்க கண்ணு பட்டதுன்னு நம்புறாங்க, அப்படியே விட்டுடலாம், யாருக்கும் தெரியாது. ஆனா யார் கண்ணுன்னு அவங்க மனசுல யாராவது ஒருத்தர் பேர் ஓடும்ல? அது யார் தலையில விழும்? மறுநாள் காலையில போய்ச் சொல்லிட்டேன்.

அவங்க திட்டல. கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தாங்க. அப்புறம், "வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம் பங்குனி முழுக்க எனக்கு ஒரு காலை டியூட்டி. மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு தோட்டத்துல ஆண் மரம் இருக்கு. அவர்கிட்ட கேட்டு, பைக்ல போய் விரிஞ்ச ஆண் பூவைக் கவர்ல எடுத்துட்டு வருவேன். பெரியம்மா வீட்டு ஸ்டூல்ல ஏறி, பெண் பூ உள்ள விசிறி மாதிரி பிரிஞ்சிருக்கும் பாருங்க, அந்த சூல்முடியில மெதுவா தடவுவேன். முதல்ல 11 பூ. ரெண்டு வாரம் கழிச்சு 7 நின்னுச்சு. இப்போ ஆனி மாசம், காய் நல்லா பருத்திருக்கு. பூவிலேர்ந்து பழமாக அஞ்சு மாசம் வாக்குல ஆகும், அதனால ஆவணியில பழம். நடுவுல அந்த மொட்டைத் தண்டு மட்டும் அப்படியே இருக்கு. அது நிரம்பாது.

சரி, ஷீட் என்ன ஆச்சு? தூக்கிப் போடல. தண்ணி கம்மிங்கிற உண்மை மாறலையே. ஆனா மார்க் போடுறதுக்குப் பதிலா இப்போ நாலு கேள்வி கேக்கிறேன். நீங்க மாடித்தோட்டம் வெச்சிருந்தாலும் இது உதவும்.

முதல் கேள்வி: இதுக்கு இன்னும் நேரம் வரலையா? பி.கே.எம்-1 முருங்கை ஆறு மாசத்துல காய்க்கும். ஒட்டு எலுமிச்சை மூணாவது வருஷம் காய்க்கும். விதை போட்டு வளர்ந்த எலுமிச்சைக்கு அஞ்சு, ஏழு வருஷம்கூட ஆகும். கறிவேப்பிலை முதல் ரெண்டு வருஷம் அழுதுட்டே நிக்கும், அப்புறம்தான் கிளம்பும். முருங்கையோட கெடியாரத்தை வெச்சு எலுமிச்சையை அளந்தா அது ஃபெயில்தான். என் ஷீட்ல வயசுன்னு ஒரு காலம் இருந்துச்சு, அதோட எதை ஒப்பிடணும்னு இல்ல.

ரெண்டாவது: தப்பு செடி மேலயா, நம்ம மேலயா? கறிவேப்பிலையில புது இலை மஞ்சளா, நரம்பு மட்டும் பச்சையா இருந்துச்சு. அது இரும்புச் சத்துக் குறைபாடு. மண்ணுல இரும்பு இருந்தும், எங்க போர் உப்புத் தண்ணியால மண்ணு காரத்தன்மை ஏறி, வேர் எடுக்க முடியல. தொழுவுரம் போட்டு, அதுக்கு மட்டும் பிடிச்சு வெச்ச மழைத்தண்ணி ஊத்தினேன், தேறுது. மல்லிகை மதில் நிழல்ல இருந்துச்சு, வெயில் இல்லாம மல்லி பூக்காது. அதோட, வருஷாவருஷம் மார்கழி, தை வாக்குல கவாத்து பண்ணணும், புதுத்துளிர்லதான் மொட்டு வரும். நான் மூணு வருஷமா கத்தரிக்கோலே வைக்கல. இதுல ஒரு விதி: ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம், அப்புறம் ஒரு சீசன் காத்திருங்க. டீபக் பண்ணும்போது அஞ்சு வரி மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாதுல்ல, அதே கதை.

மூணாவது: வேற யாராவது இதை நம்பி இருக்காங்களா? பப்பாளி சொல்லிட்டேன். எலுமிச்சைக்கு நான் போட்டது ரெண்டு மார்க். ஆறு வருஷம், ஒரு காய் இல்ல. அம்மாகிட்ட வெட்டப் போறேன்னு சொன்னேன். பப்பாளிக்கு அப்புறம் கேட்டுட்டுத்தான் செய்றேன். அவங்க சிரிச்சாங்க.

"வருஷா வருஷம் வேப்பிலைக்கட்டி சாப்பிடுறியே, இலை எங்கேர்ந்து வருதுன்னு நினைச்ச?"

வேப்பிலைக்கட்டியில வேப்பிலை கிடையாது மக்களே. நாரத்தை இலை, எலுமிச்சை இலை. ஹாஸ்டல்ல தயிர்சாதத்துக்கு அதைத் தொட்டுட்டுத்தான் நான் நாலு வருஷம் ஓட்டினேன். அந்த மரம் இத்தனை நாளா கொடுத்துட்டுதான் இருந்திருக்கு, நான் காயை மட்டும் எண்ணியிருக்கேன்.

நாலாவது: இது மத்ததைக் கெடுக்குதா? இங்க மட்டும் இரக்கம் காட்டாதீங்க. பப்பாளிக்கு வளையப்புள்ளி வைரஸ் வந்தா மருந்து இல்ல, பிடுங்கி எரிக்கணும். எங்க செம்பருத்தி முழுக்க மாவுப்பூச்சி. 2008-ல கோயம்புத்தூர்ல பப்பாளி மாவுப்பூச்சி முதல்ல தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளின்னு தமிழ்நாடு முழுக்கப் பரவுச்சு. 2010-ல போர்ட்டோ ரிக்கோவிலேர்ந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியை வரவழைச்சு விட்டுத்தான் அடக்கினாங்க. என் கொல்லையில அந்த அளவுக்கு நான் பார்க்கல. ஆனா மூணு தடவை வேப்பெண்ணெய்க் கரைசல் அடிச்சும், பக்கத்துல இருந்த கொய்யாவுக்கு ஏற ஆரம்பிச்சுடுச்சு. எடுத்துட்டேன். அம்மாவுக்கு வருத்தம்தான், சாமிக்குப் பூ அதுலதான் பறிப்பாங்க. கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.

இப்போ கணக்கு: 23-ல 18 இருக்கு. 15-க்குக் கொண்டு வர முடியல. அதனால மிச்சத்தை வேற பக்கம் பிடிச்சேன். காஞ்ச இலையை மூடாக்கு போட்டோம், துணி துவைச்ச கடைசித் தண்ணி வாழைக்குப் போகுது, சாயங்காலம் குடம் தூக்குறது நான். அஞ்சரை மணிக்கு காலண்டர்ல பிளாக் பண்ணி வெச்சிருக்கேன்.

ஆபீஸ்லயும் ஆளுங்களுக்கு இப்படி மார்க் போடுற சீசன் வருது. என் டீம்ல ஆறு பேருக்கு நான்தான் போடணும். அதைப் பத்தி இப்போ பேச மாட்டேன், ஆனா மூணாவது கேள்வியை ஸ்டிக்கி நோட்ல எழுதி மானிட்டர்ல ஒட்டியிருக்கேன்.

போன வாரம் வெட்டின இடத்துல ஒரே குழியில நாலு பப்பாளிக் கன்னு வெச்சேன். பூ விடுற வரைக்கும் எது ஆண், எது பெண்ணுன்னு தெரியாது. நாலு இருந்தா ஒண்ணாவது ஆணா வர நல்ல வாய்ப்பு. பெரியம்மா வந்து பார்த்தாங்க. "இந்தத் தடவை ஆண் வந்தா வெச்சுக்கோ"ன்னாங்க. செருப்பைக் கழட்டலாமான்னு கேட்டேன். "இருக்கட்டும்ப்பா, உனக்குப் பயமா இருக்கும்"னாங்க.

உங்க வீட்ல சும்மா நிக்கிற செடி ஏதாவது இருக்கா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். மோட்டார் போடுற நேரம் ஆச்சு. வரேன் மக்களே.