அஜ்மலினும் அறிவிப்பாளர் வரிசையும்
(கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் ஆற்றிய உரை)





வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை பட்டப்படிப்போடு நின்றுவிடுகின்றன. எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்த பிள்ளை ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்றால், "இன்னும் ஐந்து வருஷமா? அதில் என்ன கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். குடும்ப பாரம் அப்படி. ஆனால் பதில் சொல்லும் முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

சலீமுஸ்ஸமான் சித்தீகி 1897இல் உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டத்தில் பிறந்தவர். அலிகரில் அவர் படித்தது தத்துவமும் பாரசீகமும். பிறகுதான் வேதியியலுக்கு வந்தார். ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் பல்கலைக்கழகத்தில் 1927இல் டாக்டர் பட்டம் பெற்றார். (நன்றாக ஓவியமும் வரைவார். அங்கேயே கண்காட்சி வைத்திருக்கிறார்.) டெல்லியில் புகழ்பெற்ற யூனானி மருத்துவர் ஹகீம் அஜ்மல் கான் அவருக்கு ஊக்கமும் வழிகாட்டுதலும் தந்தார். ஹகீம் சாஹிப் நிறுவிய திப்பிய்யா கல்லூரியின் ஆய்வுக்கூடத்தைச் சித்தீகி ஏற்று நடத்தினார். ஆனால் 1927 டிசம்பரிலேயே ஹகீம் சாஹிப் வஃபாத்தாகிவிட்டார்.

1931இல் சித்தீகி சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். கண்டுபிடித்தவர் தன் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கலாம். அவர் வைத்த பெயர் 'அஜ்மலின்'. இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்கும் மருந்து அது. திடீர் மரணத்துக்குக் காரணமாகும் புருகாடா என்ற இதயக் கோளாறு ஒருவருக்கு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, அஜ்மலினை ஊசியில் செலுத்தி ஈ.சி.ஜி. எடுக்கும் வழக்கம் இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகளில் உண்டு. அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் பிரித்தெடுத்த ரெசர்பின் இரத்த அழுத்த மருந்தாயிற்று.

அடுத்தது நம் வாசலில் நிற்கும் வேப்ப மரம். வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்ற மூன்று கசப்புப் பொருள்களைப் பிரித்து, 1942இல் பெங்களூரிலிருந்து வரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதினார். வேம்பைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் இன்றும் அந்தக் குறிப்பை மேற்கோள் காட்டுகிறார்கள்.

இந்த மேற்கோள் என்பது என்ன? ஒரு ஹதீஸைச் சொல்லும்போது யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையைச் சொல்கிறோம் அல்லவா? ஆய்வுக் கட்டுரையிலும் ஏறக்குறைய அதே ஒழுக்கம். இந்தச் செய்தி எனக்கு இன்னாரிடமிருந்து கிடைத்தது என்று எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் அமானித மோசடி. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு 1964 முதல் இந்த மேற்கோள்களைத் தொகுத்து அட்டவணையாக வெளியிட்டார். 2005இல் ஹிர்ஷ் என்பவர் 'எச்' குறியீட்டைக் கொண்டுவந்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவர் குறியீடு 20. இன்று வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இதைப் பார்க்கிறார்கள்.

எண்ணிக்கையில் ஒரு குறை உண்டு. அஜ்மலின் ஊசி போடும் மருத்துவர் 1931ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோள் காட்டப்போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்ட விஷயத்துக்கு யாரும் ஆதாரம் எழுதுவதில்லை. அந்தக் கணக்கு எந்த அட்டவணையிலும் ஏறாது. ஆனால் மருந்தின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, அந்த மருத்துவர் அஜ்மல் கானின் பெயரைச் சொல்கிறார்.

சித்தீகி 1940 முதல் இன்றைய சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பில் பணியாற்றினார். 1951இல் பாகிஸ்தான் சென்றார். 1961இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 300க்கும் மேற்பட்ட கட்டுரைகள் எழுதி, 1994இல் மறைந்தார்.

இனி நம் பிள்ளைகளின் கதை. சிறுபான்மை மாணவர்களின் ஆராய்ச்சிக்கென இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்திவிட்டது. வருத்தம்தான். ஆனால் வழி அடைபடவில்லை. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். "என்ன கிடைக்கும்" என்று கேட்ட அத்தாமார்களுக்கு இது ஒரு பதில். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய் வரலாம்.

சிரமம் எம்.எஸ்ஸி.க்கும் அந்தத் தேர்வுக்கும் இடையில் வருகிற ஓராண்டு, ஈராண்டில்தான். சம்பாத்தியம் இல்லை, பயிற்சிச் செலவு உண்டு. அங்கேதான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். ஆகவே இந்த ஆண்டு முதல் தேர்வுக் கட்டணம், புத்தகம், பஸ் செலவு ஆகியவற்றை நம் கல்வி நிதியிலிருந்து தருவதாக முடிவு செய்திருக்கிறோம். முதல் முறை தேறவில்லை என்றால் உதவி நிற்காது. விண்ணப்பப் படிவம் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் அலுவலகத்தில் கிடைக்கும். பெற்றோரில் ஒருவர் கூட வாருங்கள், பேசிக்கொள்வோம்.