களஞ்சியத்துக் காவலர்



பிலிப்பைன்ஸ் நாட்டின் வடபால் அமைந்த லூசோன் தீவில், மலைச்சரிவுகளைப் படிப்படியாக வயல்களாக்கி நெல் விளைவித்து வருபவர் இஃபுகாவோ மக்கள். அவர்தம் அடுக்கு வயல்கள் 1995ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றன. அந்நெல்லைக் காப்பதற்கெனக் களஞ்சியத்தில் அவர்கள் வைத்த மர உருவங்களுக்குப் ‘புலுல்’ என்று பெயர். பெரும்பாலும் ஆணும் பெண்ணுமாக இணையாகவே இவற்றைச் செதுக்குவர்.

தச்சன் செதுக்கிய அளவில் அது புலுல் ஆகிவிடாது. ‘மும்பாகி’ எனப்படும் பூசாரி மந்திரம் ஓத, பன்றியின் குருதியும் அரிசி மதுவும் உருவத்தின்மேல் சாத்தப்படும். அதன் பின்னரே அது நெல்லைக் காத்துப் பெருக்கித் தரும் என்பது அவர்கள் நம்பிக்கை. இவ்வாறு ஆண்டுதோறும் படிந்த குருதியும் புகையும் மரத்தைக் கருமையாக்கும்.

அக்கருமையே அயல்நாட்டுச் செல்வர் விரும்பித் தேடும் பொருளாயிற்று. வறுமையால் விற்றோரும் உண்டு. சமயம் மாறிக் கைவிட்டோரும் உண்டு. களவு போனவையும் உண்டு. இணையுள் ஒன்று ஓரிடமும் மற்றொன்று வேறிடமுமாகப் பிரிந்தன. புதிய மரத்திற்குப் புகையூட்டிப் பழையதென விற்கும் வாணிகமும் தோன்றிற்று.

அவ்வாறாயின், தொகுப்பதே தவறா? அன்று. கரையானும் ஈரமும் அழிக்கக்கூடியவற்றை அருங்காட்சியகங்கள் காத்துள்ளன. தொகுக்கும் முறையே ஆராயத்தக்கது. அமெரிக்க ஆட்சிக்காலத்தில் ஆசிரியப் பணிக்காக அங்குச் சென்றவர் ராய் பார்ட்டன். எழுத்தில் இல்லாத இஃபுகாவோச் சட்டங்களை அவர் முதியோரிடம் கேட்டறிந்து 1919இல் நூலாக்கினார். 1946இல் அவர்தம் சமயத்தைப் பற்றியும் எழுதினார். உருவத்தை மட்டும் கொணர்ந்தவரால் இச்செய்திகளை நமக்குத் தர இயலாது.

களவுபோன பண்பாட்டுப் பொருள்கள் நாடு கடத்தப்படுவதைத் தடுக்க 1970இல் யுனெஸ்கோ ஓர் உடன்படிக்கை வகுத்தது. ஆயினும் உடன்படிக்கை மட்டும் போதாது. காண்போர்க்கும் கடமை உண்டு. அருங்காட்சியகத்தில் இத்தகைய உருவம் ஒன்றைக் கண்டால், அதனருகே உள்ள பெயர்ச்சீட்டைப் படியுங்கள். எவ்வூரில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது, யார் மனமுவந்து கொடுத்தார் என்ற மூன்றுக்கும் அதில் விடை உண்டா என்று பாருங்கள். விடை இல்லையாயின், அங்குள்ள அலுவலரைப் பணிவுடன் கேளுங்கள். பலர் கேட்டால்தான் மறைந்துபோன வரலாற்றைத் தேடும் முயற்சி தொடங்கும்.